இராமநாதபுரம் – இலங்கை மலையகக் குடிபெயர்வு

மழை பொய்த்த இராமநாதபுரச் சீமையிலிருந்து இலங்கையின் குளிர்ந்த மலைத்தோட்டங்களுக்கு 19, 20ஆம் நூற்றாண்டுகளில் நிகழ்ந்த பெயர்வு. கண்மாய்கள் வறண்ட ஆண்டுகளில், குறிப்பாக 1876–78 தாது வருடப் பஞ்சத்தில், கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினர். தோணியில் மன்னார்க் கரை சேர்ந்தவர்கள் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டோர் ஏராளம். அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூடப் பதிவாகவில்லை. வெயிலில் வளர்ந்த உடம்புக்குத் தோட்டத்தில் கொடுத்த முரட்டுக் கம்பளியின் விலையும் கடன் கணக்கிலேயே ஏறியது; அதைச் சலுகை என்று எழுதுவது அநியாயம். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தபின், மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்தே அனுப்பினர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குத் திரும்பியோரில் பலர் கூடலூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர்.