பொருட்பண்பு (பைத்தான்)

பொருட்பண்பு என்பது பொருள் நோக்கு நிரலாக்கத்தில் ஒரு பொருளுடன் பெயரிட்டு இணைக்கப்படும் தரவு ஆகும். சி++ போன்ற மொழிகளில் ஒரு வகுப்பின் பொருள்களுக்குரிய பண்புகள் நிரல் தொகுக்கப்படும்போதே முடிவாகிவிடும். கைடோ வான் ரோசம் 1991 இல் வெளியிட்ட பைத்தான் ஓர் இயங்குநிலை மொழி. இதில் நிரல் இயங்கும்போதே பண்புகளைச் சேர்க்கவும் நீக்கவும் இயலும்.

சேமிக்கும் முறை

பொதுவாக, நிரலர் வரையறுக்கும் வகுப்பின் ஒவ்வொரு பொருளுக்கும் தனி அகராதி உண்டு. அதில் பண்பின் பெயரும் மதிப்பும் இணையாகச் சேமிக்கப்படுகின்றன. அகராதி ஹாஷ் அட்டவணையாக அமைந்துள்ளதால், பண்புகள் பெருகினாலும் தேடும் நேரம் சராசரியாக ஏறத்தாழ மாறுவதில்லை. வகுப்புக்கும் தனி அகராதி உண்டு.

படித்தலும் எழுதுதலும்

பண்பைப் படிக்கும்போது முதலில் பொருளின் அகராதியும், பின்னர் வகுப்பும், அதன் பின் தாய் வகுப்புகளும் தேடப்படுகின்றன. எங்கும் இல்லையெனில் பிழை எழும். எழுதும்போதோ மதிப்பு பொருளின் அகராதியில் மட்டுமே சேரும். (ப்ராப்பர்ட்டி போன்ற சில அமைப்புகள் இதற்கு விலக்கு.)

எடுத்துக்காட்டாக, பட்டுச்சேலை என்னும் வகுப்பில் ஊர் என்ற பண்பின் மதிப்பு "காஞ்சிபுரம்" என்க. 2008 இல் வெளிவந்த பைத்தான் 3.0 முதல் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம்:

சேலை1.ஊர் = "செவிலிமேடு"

இதனால் சேலை1 இன் ஊர் மட்டுமே மாறும். சேலை2 தொடர்ந்து "காஞ்சிபுரம்" என்றே காட்டும். சேலை1 இலிருந்து அப்பண்பை நீக்கினால், வகுப்பின் மதிப்பு மீண்டும் தென்படும்.

வழக்கமான பிழைகள்

சேலை1.கரை என்பதற்குப் பதிலாகச் சேலை1.கறை என்று எழுதி மதிப்பிட்டால் பைத்தான் தடுப்பதில்லை; கறை என்னும் புதிய பண்பு உருவாகும், கரையின் பழைய மதிப்பு மாறாதிருக்கும். பழுதுகள் என்ற பட்டியலை வகுப்பில் வைத்து, ஒரு சேலை வழியாக அதில் ஒரு பழுதைச் சேர்த்தால், அது எல்லாச் சேலைகளிலும் தோன்றும். பட்டியலில் சேர்த்தல் பண்புக்குப் புது மதிப்பிடுதல் அன்று என்பதே காரணம். ஒவ்வொரு பொருளும் உருவாகும்போது அதற்கெனத் தனிப் பட்டியல் அமைப்பதே தீர்வு.

நினைவகச் சிக்கனம்

பொருள்கள் இலட்சக்கணக்கில் இருப்பின் தனித்தனி அகராதிகள் நினைவகத்தை மிகுதியாகப் பிடிக்கும். 2001 இல் வெளிவந்த பைத்தான் 2.2 இதற்காக ஸ்லாட்ஸ் வசதியைத் தந்தது. அதில் பண்புகளை வகுப்பிலேயே அறிவிக்க வேண்டும். அறிவிக்காத பெயருக்கு மதிப்பிட்டால் பிழை எழுவதால் கரை-கறை குழப்பமும் உடனே வெளிப்படும். 2012 இல் வெளிவந்த பைத்தான் 3.3 முதல், ஒரே வகுப்பின் பொருள்கள் பண்புப் பெயர்களின் அட்டவணையைப் பகிர்ந்துகொண்டு மதிப்புகளை மட்டும் தனியே வைத்துக்கொள்கின்றன.

பிற மொழிகள்

பெயர்களையும் மதிப்புகளையும் பிரித்து வைக்கும் இவ்வுத்தி புதியதன்று. 1980களில் உருவான செல்ஃப் மொழியிலேயே இது கையாளப்பட்டது. 2008 இல் வெளியான கூகுளின் வி8 ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரமும் "மறை வகுப்பு" என்னும் பெயரில் இதனைப் பயன்படுத்துகிறது.