அழுக்குப் பக்கங்களின் கணக்கு: லினக்ஸ் கெர்னலில் ஓர் ஆய்வு

1. முன்னுரை

நிரல் எழுதும் தரவு உடனே வட்டுக்குப் போவதில்லை. லினக்ஸ் அதை முதலில் நினைவகத்திலுள்ள பேஜ் கேஷில் வைக்கிறது. வட்டிலுள்ள நகலோடு ஒத்துப்போகாத பக்கமே ‘அழுக்குப் பக்கம்’. எக்ஸ்86 கணினியில் ஒரு பக்கம் வழக்கமாக 4,096 பைட். இந்த அழுக்கு கோப்பு முறைமைக்கு எப்போது தெரிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. பதியும் இடங்கள்

அழுக்கு மூன்று இடங்களில் பதிவாகிறது.

அ. பக்கத்தின் விவரக்குறிப்பில் ஒரு கொடி.
ஆ. கோப்பின் பக்கங்களைக் கோத்துவைக்கும் எக்ஸ்அரே மரத்தில் ஓர் அடையாளம்.
இ. அழுக்கு ஐநோடுகளின் பட்டியலில் அக்கோப்பின் ஐநோடு (கோப்பின் விவரப் பதிவு).

வட்டில் எழுதும்போது பட்டியல், மரம், பக்கம் என்று இறங்கினால் போதும். சுத்தமான பக்கங்களைத் துழாவ வேண்டியதில்லை.

3. அழுக்காகும் வழிகள்

3.1 ரைட் அழைப்பு: தரவை நகலெடுப்பது கெர்னலே. ஆகவே குறிப்பதில் சிக்கல் இல்லை.

3.2 எம்மேப்: கோப்பு நிரலின் நினைவகப் பரப்பில் பொருத்தப்படுவதால், நிரல் நேரடியாக அந்த நினைவகத்தில் எழுதுகிறது. செயலி பக்க அட்டவணையில் ஒரு பிட்டை மட்டும் மாற்றும். கெர்னலுக்குச் சேதி வராது. 2006இல் வந்த 2.6.19 பதிப்பு இதைத் தீர்த்தது. பகிர்ந்த கோப்புப் பக்கங்கள் எழுதத் தடையோடு வைக்கப்படுகின்றன. முதல்முறை எழுத முயலும்போதே பேஜ் ஃபால்ட் எழுந்து கெர்னலை அழைக்கும். கெர்னல் பக்கத்தைக் குறித்துக்கொள்ளும். கோப்பு முறைமையும் அந்தத் தருணத்திலேயே வட்டில் இடம் ஒதுக்கிக்கொள்ளலாம். வட்டுக்கு அனுப்புமுன் தடை மீண்டும் போடப்படும்.

4. எழுதித் தீர்த்தல்

இயல்பு அமைப்பில் பின்னணிப் பணி 5 நொடிக்கு ஒருமுறை விழித்து, 30 நொடி கடந்த அழுக்கை எழுதுகிறது. கிடைக்கக்கூடிய நினைவகத்தில் அழுக்கு 10 விழுக்காட்டைத் தாண்டினால் வயது பாராமல் எழுதுகிறது. 20 விழுக்காட்டை நெருங்கினால் எழுதும் நிரல்களே தாமதப்படுத்தப்படுகின்றன.

5. ஓட்டைகள்

5.1 சாதனங்கள் டிஎம்ஏ (செயலியின்றி நினைவகத்தை நேரடியாக அணுகும் முறை) வழியே பக்கத்தில் எழுதும்போது பக்க அட்டவணையைக் கேட்பதில்லை. சுத்தமானதாகக் குறித்த பக்கம் கோப்பு முறைமை அறியாமலே மாறிவிடலாம். டிஎம்ஏவுக்காகப் பிடித்துவைத்த பக்கங்களை இனங்காணும் வசதி 2020இல் 5.7 பதிப்பில் வந்தது.

5.2 வட்டில் எழுதுவது தோற்றாலும் பல கோப்பு முறைமைகளில் பக்கம் சுத்தமென்றே குறிக்கப்படுகிறது. கோப்பின் அழுக்கை வட்டில் எழுதி முடிக்கக் கேட்கும் எஃப்சிங்க் அழைப்பு முதல்முறை பிழை சொல்லும். மறுமுறை வெற்றி என்னும். 2018இல் போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்கள் இதில் அகப்பட்டனர்; 2019 முதல் அத்தரவுத்தளம் முதல் தோல்வியிலேயே நின்று, பதிவேட்டிலிருந்து மீள்கிறது.

6. முடிவு

எழுதியபின் தேடிக் கண்டுபிடிப்பதைவிட, எழுதுமுன் அறிவிக்கச் செய்வதே உறுதியான முறை; அறிவிப்பு தவறும் இடத்தில்தான் ஓட்டை விழுகிறது. ‘சுத்தம்’ என்ற குறிக்கு வட்டுக்கு அனுப்பியாயிற்று என்பதே பொருள், போய்ச் சேர்ந்தது என்பதல்ல. எஃப்சிங்க் ஒருமுறை பிழை சொன்னால், நிரலாளர் அதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டும்.