கந்தற்றுணியின் மறுபிறப்பு

நெப்போலியனுடனான போர்க்காலத்தில் இங்கிலாந்தின் ஆலைகளிற் கம்பளிக்குத் தட்டுப்பாடு நிலவியது. 1813 இல், யோர்க்சயரின் பற்லி நகரத்தவரான பெஞ்சமின் லோ என்பார், பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து இழையாக்கி, புதுக்கம்பளியுடன் கலந்து நூற்கும் முறையைக் கண்டறிந்தார். இவ்வாறு பெறப்பட்ட துணி ‘சொடி’ எனப்பட்டது. பற்லியும் அயல்நகரான டியூஸ்பரியும் இத்தொழிலால் வளர்ச்சியுற்றன. ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் கந்தல் வந்து குவிந்தது. வறியோர்க்கு மலிவான குளிராடை கிடைத்தது.

ஆயின், இவ்வாக்கத்திற்கு ஒரு விலையும் இருந்தது. கந்தலைத் தரம்பிரித்தோர் பெரும்பாலும் பெண்களே. இயந்திரத்திற் கந்தலை அரைத்தோர் அதன் தூசியைச் சுவாசித்து, ‘சொடிக் காய்ச்சல்’ எனப்பட்ட நோய்க்கு ஆளாயினர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–1865) தரங்குறைந்த சீருடைகள் படையினர்க்கு வழங்கப்பட்டமையால், ‘சொடி’ என்பது இழிசொல்லாகவும் நிலைத்தது. கழிவைச் செல்வமாக்கிய உழைப்பாளரோ வரலாற்றிற் பெயரின்றி மறைந்தனர். மீள்பயன்பாட்டின் பெருமையைப் பேசுவோர் அவர்களையும் நினைத்தல் வேண்டும்.