லண்டன் நகரத்துச் சீடப்பிள்ளைகள்

எலிஸபெத் மகாராணியாரின் ஆட்சியில், 1563-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் பார்லிமெண்டு ஒரு தொழிலாளர் சட்டம் இயற்றிற்று. அந்நாட்டில் அப்பொழுது வழங்கிய கைத்தொழில்களில் ஒன்றை ஒருவன் தன் ஜீவனமாகக் கொள்ள விரும்பினால், அதற்கு முன்னர் அத்தொழிலில் தேர்ந்த ஓர் எஜமானரிடம் 7 வருஷங்களுக்குக் குறையாமல் சீடனாக அமர்ந்து பயின்றிருக்க வேண்டும் என்பதும், நகரங்களில் அவனுக்கு 24 வயது நிறையும் முன்னர் அந்தப் பயிற்சி முடிதலாகாது என்பதும் அதன் பிரதான விதிகள். லண்டன் மாநகரில் இவ்வழக்கம் சட்டம் பிறப்பதற்குப் பல தலைமுறைகள் முன்னரே வேரூன்றியிருந்தது. சட்டமோ 1814 வரையில், சுமார் 250 ஆண்டுகள் நின்றது. அந்த நெடுங்காலம் முழுவதிலும், இக்காலத்துப் பிள்ளைகளுக்கு வேலையில் சிரத்தையில்லை, பெரியவர்களிடத்தில் பயமில்லை, எங்கள் காலம் இப்படியா இருந்தது என்னும் முறையீடு அந்நகரில் ஓய்ந்ததே இல்லை. எல்லாத் தேசத்திலும் கேட்கும் முறையீடுதானே என்று அதைத் தள்ளிவிடத் தோன்றும். ஆனால் லண்டனில் முறையிட்டவர் இன்னார், முறையிடப்பட்டவர் இன்னார், இருவருக்கும் இடையே இருந்த உடன்படிக்கை இன்னது என்பதெல்லாம் எழுத்தில் நிற்கின்றபடியால், முறையீட்டின் உள்ளே மறைந்திருக்கும் வழக்கை விசாரித்துப் பார்க்க அங்கே இடமுண்டு.

உடன்படிக்கையை ஒரே தோலில் இரு பிரதிகளாக எழுதி, நடுவே வளைவு வளைவாக வெட்டி, எஜமானர் தரப்பில் ஒன்றும் சீடன் தரப்பில் ஒன்றுமாக வைத்துக்கொள்வது பழைய சம்பிரதாயம். பின்னாளில் விவகாரம் நேர்ந்தால், இரண்டையும் சேர்த்துவைத்துப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். பிள்ளை கொடுத்த வாக்குறுதிகள் நீளமானவை. எஜமானரின் தொழில் ரகசியங்களைக் காப்பேன், அவர் பொருளை விரயமாக்கேன், சூதும் சீட்டும் ஆடேன், மதுக்கடைக்கும் நாடகக் கொட்டகைக்கும் போகேன், தவணை முடியுமட்டும் விவாகம் செய்துகொள்ளேன், இரவிலோ பகலிலோ உத்தரவின்றி வீட்டைவிட்டு அகலேன் என்று வரிசையாகச் செல்லும். எஜமானர் கொடுத்த வாக்குறுதி சுருக்கமானது, எனினும் கனமானது. தொழிலை ஒளிக்காமல் கற்பிப்பது, உணவும் உடையும் படுக்கையும் கொடுத்து வீட்டில் ஒருவனாக வைத்துக்கொள்வது, தவறினால் தகப்பனைப்போல் சிட்சிப்பது ஆகிய இவ்வளவும் அதில் அடங்கும். தவணை முடிந்ததும் அப்பிள்ளை தன் தொழிற்சபையில் அங்கத்தினனாகி, நகரத்தின் சுதந்தரப் பிரஜை என்னும் உரிமை பெற்று, தானே கடை வைக்கலாம், தானே சீடர்களைச் சேர்க்கலாம். இன்று கை கட்டி நிற்பவன் நாளை எஜமானனாவான் என்னும் இந்த நம்பிக்கையே ஏழு வருஷத்து ஊழியத்தையும் தாங்கி நின்ற தூண்.

ஊழியமும் லேசானதன்று. கைவினைஞருக்கும் கூலியாட்களுக்கும் 1563-ஆம் ஆண்டுச் சட்டம் குறித்த வேலைநேரம், மார்ச்சு நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை காலை 5 மணி முதல் மாலை 7, 8 மணி வரை. இடையில் உணவுக்கும் ஓய்வுக்குமாக இரண்டரை மணி நேரம். வராமலிருந்த ஒவ்வொரு மணிக்கும் ஒரு பென்னி பிடித்தம். சீடப்பிள்ளைக்கோ கடை அடைத்தபின்னும் வேலை தீராது. தேம்ஸ் நதியிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பான். எஜமானரின் பாதரட்சையைத் துடைத்து வைப்பான். எஜமானரும் எஜமானியும் இரவில் வெளியே புறப்பட்டால், கையில் விளக்கும் தோளில் நீண்ட தடியுமாக முன்னே நடப்பான். அவன் இன்ன துணியைத்தான் உடுத்தலாம், தலையில் தொப்பி கூடாது, கம்பளிக் குல்லாய்தான் வேண்டும் என்று 1582-இல் நகர சபை ஓர் உத்தரவே பிறப்பித்தது. இப்படி ஓர் உத்தரவு வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, பிள்ளைகள் வேறு விதமாக உடுத்தத் தொடங்கிவிட்டார்கள் என்பது விளங்கும்.

பெரியவர்களின் முறையீடு ஆதாரமற்றது என்று சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான வாலிபர்கள், விவாகமும் வேதனமும் இன்றி, ஒரே நகரத்தில் குவிந்திருந்தார்கள். 1517-ஆம் ஆண்டு மே மாதப் பண்டிகையன்று அவர்கள் அந்நிய தேசத்துக் கைவினைஞரின் வீடுகளைச் சூறையாடினர், சிலர் தூக்கிலிடப்பட்டனர், எஞ்சியோர் கழுத்தில் கயிற்றோடு எட்டாம் ஹென்றி மன்னரின் முன்னே நிறுத்தப்பட்டு மன்னிப்புப் பெற்றனர். 1617-இல் தவக்காலத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, துரூரி சந்திலிருந்த ஒரு நாடகக் கொட்டகைக்குள் புகுந்து நாசம் விளைத்தனர். ஆயினும் இவர்கள் வெறும் போக்கிரிகள் அல்லர். தங்களுக்கு இன்னது நியாயம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தவர்கள். 1647-இல் பியூரிட்டன் கொள்கையினரின் பார்லிமெண்டு கிறிஸ்துமஸ் முதலிய பண்டிகைகளை ஒழித்தபோது, அவற்றோடு ஒழிந்த தம் விடுமுறைக்கு ஈடு வேண்டும் என்று சீடர்கள் விண்ணப்பித்தார்கள். மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு ஓய்வு என்று பார்லிமெண்டு சட்டம் செய்தது.

17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உடன்படிக்கையின் ஸ்வபாவமே மாறலாயிற்று. செல்வர் தம் இளைய குமாரர்களை வர்த்தகரிடம் சேர்க்கப் பெருந்தொகையை முன்பணமாகக் கொட்டிக் கொடுத்தார்கள். அப்பணத்தின்மேல் அரசாங்கம் 1710-இல் வரி விதித்தது என்றால், அது எத்துணைப் பரவியிருந்தது என்று யூகிக்கலாம். நூற்றுக்கணக்கில் பவுன் கொடுத்துச் சேர்ந்த பிள்ளை தண்ணீர்க் குடத்தைத் தூக்குவானா? ராபின்சன் குரூஸோ கதையை எழுதிய டீபோ, தம் முதிய வயதில், ஊழியர்கள் அடக்கத்தை மறந்தார்கள் என்று 1724-இல் ஒரு நூலே எழுதினார். அவர் கண்ட மாறுதல் மெய்யே. ஆனால் முன்பணத்தை ஆவலோடு வாங்கிப் பெட்டியில் வைத்தவர் பெரியவர்களேயன்றிப் பிள்ளைகள் அல்லர். மற்றொரு புறம், ஏழைப் பிள்ளைகளுக்குத் தவணை முடிந்தாலும் கடை வைக்க மூலதனம் கிட்டாமல், ஆயுள் முழுவதும் கூலிக்கு உழைக்கும் நிலைமை வளர்ந்தது. லண்டனில் சேர்ந்த சீடர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தவணையை முடிக்கவில்லை என்று சரித்திர ஆராய்ச்சியாளர் கணித்திருக்கிறார்கள். சிலர் மாண்டனர், சிலர் ஊர் திரும்பினர், சிலர் கற்றவரை போதும் என்று நழுவினர்.

இந்த முறையீட்டின் குரல் எவருடையது என்பதை அறிய ஸாமுவேல் ரிச்சர்ட்ஸன் என்பவரின் ஜீவியம் தக்க சான்று. பிற்காலத்தில் நாவலாசிரியராகப் பெரும் புகழ் பெற்ற இவர், 1706-இல் ஓர் அச்சுக்கூடத்தாரிடம் சீடராக அமர்ந்தார். படிப்பில் ஆசை மிகுந்த இந்தப் பிள்ளைக்கு ஒரு நாழிகை ஓய்வு கொடுப்பதற்கும் எஜமானருக்கு மனம் வரவில்லை. ஆகவே தூக்கத்தைத் திருடிப் படித்தார்; அப்படிப் படிக்கையில் எஜமானரின் மெழுகுவர்த்தி செலவாகிவிடக் கூடாதே என்று தம் சொந்தக் காசில் வர்த்தி வாங்கினார். தவணையை முடித்து, அந்த எஜமானரின் மகளையே மணந்து, தாமும் அச்சுக்கூடம் வைத்து முதலாளியான பின்னர், அவர் அச்சிட்ட தம் முதல் நூல்களுள் ஒன்று என்ன? நாடகம் பார்க்காதே, மதுக்கடைக்குப் போகாதே, பகட்டாக உடுத்தாதே என்று சீடப்பிள்ளைகளுக்கு உபதேசிக்கும் கைந்நூல். ஒன்றை மட்டும் அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். அதிகாலையில் முதலில் வந்து நிற்கும் அச்சுக்கோப்பவனுக்குப் பரிசாக, ஈய எழுத்துக்களுக்கிடையே அரை கிரௌன் நாணயம் ஒன்றை அவர் மறைத்து வைப்பதுண்டாம். தம் எஜமானர் செய்யாத ஒன்றை, சிரத்தைக்குப் பிரதியுபகாரம் என்பதை, அவர் மறக்கவில்லை.

உபதேசத்தைப் படமாகத் தீட்டியவர் ஹோகார்த். 1747-இல் அவர் வெளியிட்ட 12 சித்திரங்களின் வரிசையில், ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பட்டுத் தறிக்கூடம் ஒன்றில் இரு சீடர்கள். ஒருவன் கருத்தோடு நெய்கிறான். மற்றவன் தறியில் சாய்ந்து உறங்க, அவனது ஓடத்தைப் பூனை ஒன்று உருட்டி விளையாடுகிறது. வாசலில் எஜமானர் தடியோடு தோன்றுகிறார். முன்னவன் எஜமானரின் மகளை மணந்து, கூட்டாளியாகி, முடிவில் லண்டனின் மேயராகிறான். பின்னவன் தூக்குமரம் ஏறுகிறான். எஜமானர்கள் இச்சித்திரங்களைத் தங்கள் சீடர்களுக்குக் காட்டி நல்வழிப்படுத்துவார்கள் என்று எதிர்பார்த்தே, குறைந்த விலையில் கிடைக்கும்படி ஹோகார்த் அவற்றை அச்சிட்டார். அந்த ஹோகார்த்தோ, இளமையில் வெள்ளிப் பாத்திரத்தில் சித்திரம் செதுக்கும் ஒருவரிடம் சீடராக அமர்ந்து, தவணையை முடிக்காமலே வெளியேறியவர்!

சோம்பல் இளையோருக்கும் உழைப்பு முதியோருக்கும் உரியவை என்னும் பாகுபாடு எப்பொழுதும் செல்லாது என்பதற்குப் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் சுயசரிதத்தில் வரைந்த சித்திரம் ஒன்று உண்டு. பாஸ்டன் நகரில் 12 வயதில் சொந்த அண்ணனிடமே அச்சுத் தொழிலுக்குச் சீடனாக எழுதிக் கொடுக்கப்பட்டு, அண்ணனின் அடி பொறாமல் 17-ஆம் வயதில் ஓடிப்போனவர் அவர். 1724-ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் சேர்ந்து, பின்னர் வாட்ஸ் என்பவரின் பெரிய அச்சுக்கூடத்தில் வேலைக்கு அமர்ந்தார். அங்கே சுமார் 50 தொழிலாளர். எல்லாரும் பீர் அருந்துவோர். அவரோடு வேலை செய்த ஒருவன் காலை ஆகாரத்துக்கு முன் ஒரு பைண்ட், ஆகாரத்தோடு ஒன்று, நடுவில் ஒன்று, மத்தியானம் ஒன்று, மாலை 6 மணிக்கு ஒன்று, வேலை முடிந்ததும் ஒன்று என நாள்தோறும் குடித்து, அதுவே உடம்புக்குப் பலம் என்று நம்பினான். தண்ணீர் குடிக்கும் இந்த அமெரிக்க வாலிபனோ, மற்றவர்கள் இரு கையாலும் ஒன்றைச் சுமந்து ஏறும் படிக்கட்டில், கைக்கு ஒன்றாக இரண்டு பெரிய எழுத்துப் பாரங்களைத் தூக்கிக்கொண்டு ஏறினான். தொழிலாளரில் பலர் திங்கட்கிழமையைப் ‘புனிதத் திங்கள்’ என்று பெயரிட்டுக் குடியில் கழிப்பது அக்காலத்து வழக்கம். பிராங்க்ளின் ஒரு திங்களும் தவறியதில்லை.

அவருக்குக் கிடைத்த உபசாரம் என்ன? அச்சடிக்கும் பகுதியிலிருந்து அச்சுக் கோக்கும் பகுதிக்கு அவர் மாறியபோது, புதிதாக வருபவன் 5 ஷில்லிங் குடிக்காகக் கட்டவேண்டும் என்று அங்கிருந்தோர் கேட்டார்கள். முன்னரே ஒருமுறை கட்டியாயிற்று என்று அவர் மறுத்தார்; முதலாளியும் கட்டாதே என்றார். அதன்பின், அவர் சற்று வெளியே போய் வந்தால் ஈய எழுத்துக்கள் கலைந்து கிடக்கும். பக்கங்கள் இடம் மாறியிருக்கும். கோத்த வரிகள் குலைந்திருக்கும். எல்லாம் அச்சுக்கூடத்துப் பேயின் வேலை என்று சாதிப்பார்கள். இரண்டு மூன்று வாரங்கள் பொறுத்த பின்னர், கூடிப் பிழைக்க வேண்டியவர்களோடு பகைத்து நிற்பது மூடத்தனம் என்று தெளிந்து, பணத்தைக் கட்டிவிட்டார். புதியவன் அதிகமாக உழைத்தால் பழையவர்களின் அளவு குறைந்து தோன்றும் என்னும் அச்சமும் அந்தப் பேயின் உடம்பில் ஒரு பாகம் என்று கொள்வதில் தவறில்லை.

18-ஆம் நூற்றாண்டின் முடிவில் பஞ்சாலைகள் எழுந்தன. அநாதைப் பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் ஊர்ச் சபையினர் கூட்டங்கூட்டமாக ஆலை முதலாளிகளுக்குச் சீடர்கள் என்னும் பெயரால் எழுதிக் கொடுத்தார்கள். கற்பிக்க அங்கே தொழில் ரகசியம் ஏதும் இல்லை. அறுந்த இழையை முடிந்துகொண்டிருப்பதுதான் வேலை. ஆலை முதலாளியான ஸர் ராபர்ட் பீல் தாமே முயன்று நிறைவேற்றிய 1802-ஆம் ஆண்டுச் சட்டம், இப்பிள்ளைகள் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்குமேல் உழைக்கலாகாது, ஒரு படுக்கையில் இருவருக்கு மேல் படுக்கலாகாது, வருஷத்துக்கு ஒரு முழு உடையேனும் தரவேண்டும் என்று விதித்தது. இவற்றையெல்லாம் சட்டம் போட்டுச் சொல்லவேண்டியிருந்த இடத்தில், தகப்பனைப்போல் என்ற பழைய சொல்லுக்கு என்ன பொருள் எஞ்சியிருக்க முடியும்? 1814-இல் ஏழாண்டுக் கட்டாயம் நீங்கியபோது, அநேக தொழில்களில் உடன்படிக்கையின் எஜமானர் பாதி முன்னமே உதிர்ந்துபோயிருந்தது.

அந்தப் பழைய உடன்படிக்கையின் நிழல் நம் நாட்டிலும் விழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆட்சியில் இயற்றிய 1850-ஆம் ஆண்டின் 19-ஆவது சட்டம், 10 வயதுக்கு மேற்பட்டு 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை, விசேஷமாகத் தர்மத்தில் வளரும் அநாதைகளை, 7 வருஷத்துக்கு மிகாமல் தொழிலுக்கு எழுதிக்கொடுக்க வழி செய்தது. சுதந்தர இந்தியா 1961-இல் புதிய அப்ரெண்டிஸ் சட்டம் இயற்றியபோது, பயிலும் இளைஞனுக்கு உதவித்தொகையும் வேலைநேர வரம்பும் பாதுகாப்பும் கிடைத்தன. ஆனால் ஒப்பந்தத்தில் தனியே ஷரத்து இருந்தாலொழிய, பயிற்சி முடிந்தபின் அவனுக்கு வேலை கொடுத்தே தீரவேண்டும் என்ற கடமை முதலாளிக்கு இல்லை என்றும் அச்சட்டமே சொல்லிற்று. லண்டன் பிள்ளை அதிகாலையில் எழுந்தது பயத்தால் மட்டுமன்று. ஏழாவது வருஷத்தின் இறுதியில் தனக்கென ஒரு கடை உண்டு என்பதாலும்தான். இளைய தலைமுறையின் சிரத்தைக் குறைவைப் பேசப் புகும் பெரியோர், தம் வாலிபத்தில் தாம் எவ்வளவு உழைத்தோம் என்ற கணக்கோடு, அவ்வுழைப்புக்கு எதிராகத் தமக்கு வாக்களிக்கப்பட்டது என்ன, தாம் இன்று பிறருக்கு வாக்களிப்பது என்ன என்ற கணக்கையும் சேர்த்தே எழுதுவார்களாயின், அவர்களுடைய முறையீட்டை நாமும் பாதியாக அன்றி முழுமையாகக் கேட்கலாம்.