இணைய உலாவிகளும் தேர்வுரிமையும்

பேனா ஒன்று வாங்கக் கடைக்குச் செல்பவர், நாலைந்து பேனாக்களை எடுத்து எழுதிப் பார்த்த பின்னரே ஒன்றைத் தெரிந்தெடுக்கின்றார். பொருள் சிறியதாயினும் தேர்வு தம்முடையதாக இருத்தல் வேண்டும் என எண்ணுவது மனித இயல்பு. ஆனால், கல்வி, கடிதப் போக்குவரத்து, வங்கிக் கணக்கு, நாளேடு ஆகிய அனைத்துக்கும் வாயிலாக விளங்கும் இணைய உலாவியைப் பொறுத்தவரையில் பெரும்பாலோர் அவ்வாறு செய்வதில்லை. கணினியிலோ கைப்பேசியிலோ எது முன்னரே இடம்பெற்றிருக்கின்றதோ, அதனையே திறக்கின்றனர். இப்பழக்கம் தற்செயலாக ஏற்பட்டதன்று. போட்டியும் வழக்கும் வீழ்ச்சியும் மீட்சியும் நிறைந்த முப்பதாண்டு வரலாறு அதன் பின்னே உண்டு.

தோற்றம்

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரையொட்டி அமைந்த செர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர், 1990ஆம் ஆண்டில் முதல் உலாவியை உருவாக்கினார். பக்கங்களைப் படிக்க மட்டுமன்றி எழுதவும் அது பயன்பட்டது. 1993 ஏப்ரலில், வலைத் தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் எனச் செர்ன் அறிவித்தது. பின்னர் எழுந்த உலாவிகள் அனைத்துக்கும் இவ்வறிவிப்பே அடித்தளம்.

அதே ஆண்டில், அமெரிக்காவின் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பீனாவும் உருவாக்கிய மொசைக் உலாவி வெளிவந்தது. எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் அருகருகே தோன்றியது கண்டு மக்கள் வியந்தனர். அறிஞர்களின் ஆய்வுக் கருவியாயிருந்த வலை, பொதுமக்களின் வீட்டுக்குள் நுழையத் தொடங்கியது. ஆண்ட்ரீசன் 1994இல் ஜிம் கிளார்க் என்பாருடன் இணைந்து ஒரு நிறுவனம் தொடங்கினார். அந்நிறுவனம் அவ்வாண்டு டிசம்பரில் வெளியிட்ட நெட்ஸ்கேப் நேவிகேட்டர், குறுகிய காலத்திலேயே முதலிடம் பெற்றது.

போட்டியும் தமிழும்

1995 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்னும் உலாவியுடன் களமிறங்கியது. மொசைக்கின் உரிமம் பெற்றே அவ்வுலாவி ஆக்கப்பெற்றது. அதற்கெனத் தனி விலை கேட்கப்படவில்லை; நாளடைவில் விண்டோஸ் இயக்கமுறையோடு அது இணைந்தே வந்தது. வீட்டில் சோறு ஆயத்தமாக இருக்கும்போது உணவகத்தைத் தேடிச் செல்வோர் எத்துணைப் பேர்? நெட்ஸ்கேப் 1998 ஜனவரியில் தன் உலாவியையும் இலவசமாக்கியது. எனினும், இறங்குமுகம் நிற்கவில்லை.

இப்போட்டி தமிழ் படிப்போரையும் தொட்டது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995ஆம் ஆண்டில் தமிழை இணையத்தில் ஏற்றிய நாள்முதல், எழுத்துருவே பெருஞ்சிக்கலாக இருந்தது. ஒவ்வொரு தளமும் ஒவ்வோர் எழுத்துருவை நாடியது. அதனை இறக்கி நிறுவாதவரின் திரையில் தமிழுக்கு மாறாகப் பொருளற்ற குறிகளே தோன்றின. 1997இல் வெளிவந்த இரு உலாவிகளின் நான்காம் பதிப்புகள், பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்தனுப்பும் வசதியைக் கொண்டுவந்தன. ஆனால், ஒன்றின் எழுத்துருக் கோப்பை மற்றொன்று ஏற்கவில்லை. தமிழ்த் தளம் நடத்தியோர் இரண்டு கோப்புகளை ஆயத்தம் செய்தல் வேண்டும். இன்றேல், ஓர் உலாவியின் வாசகரைக் கைவிடல் வேண்டும். நெட்ஸ்கேப் சரியச் சரிய, எக்ஸ்புளோரருக்கு மட்டும் ஆயத்தம் செய்த தளங்கள் பெருகின. வேறு உலாவியில் அவற்றைத் திறந்தவர், தம் தாய்மொழியையே படிக்க இயலாதவராயினர். ஒருங்குறி என்னும் பொதுமுறை பரவிய பின்னரே இவ்விடர் நீங்கிற்று.

ஒற்றை ஆட்சி

1998 மே மாதத்தில் அமெரிக்க நீதித்துறையும் இருபது மாநிலங்களும் மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடுத்தன. அந்நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்குமாறு 2000 ஜூனில் நீதிபதி ஜாக்சன் ஆணையிட்டார். மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரிவினை ஆணையை நீக்கியது. ஆயினும், தனியுரிமை ஆதிக்கத்தைச் சட்டத்திற்கு மாறாகக் காத்துக்கொண்டது என்னும் முடிவை உறுதிசெய்தது. நீதி வந்தது, ஆனால் காலங்கடந்து வந்தது. அதற்குள் நெட்ஸ்கேப் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டது. எக்ஸ்புளோரரோ உலகப் பயனீட்டாளருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கவர்ந்திருந்தது.

இவ்வெற்றியின் விளைவு யாது? 2001 ஆகஸ்டில் எக்ஸ்புளோரரின் ஆறாம் பதிப்பு வெளிவந்தது. ஏழாம் பதிப்பு வந்ததோ 2006 அக்டோபரில். ஐந்தாண்டுக் காலம் உலகம் ஒரே கருவியுடன் காத்துக்கிடந்தது. எதிராளி இல்லாத பந்தயத்தில் ஓடுபவர் நடக்கத் தொடங்குவது இயல்பே.

தென்கொரியாவின் கதை இன்னும் கருதத்தக்கது. வலிமைமிக்க மறைகுறி முறைகளை ஏற்றுமதி செய்வதற்கு அமெரிக்கா தடைவிதித்திருந்த 1990களின் இறுதியில், அந்நாடு சீட் எனும் சொந்த முறையை வகுத்தது. உலாவிகளில் அம்முறை இல்லாமையால், எக்ஸ்புளோரருக்கு மட்டுமே உரிய ஆக்டிவ்எக்ஸ் என்னும் இணைப்புக் கூறு வாயிலாக அதனைப் பொருத்தினர். அதன் பயனாக வங்கிப் பணியும் அரசுப் பணியும் நெடுங்காலம் அவ்வோர் உலாவியையே சார்ந்து நின்றன. இம்முறைக்கு அரணாக இருந்த அரசுச் சான்றிதழின் தனிச்சிறப்பு 2020 டிசம்பரில்தான் நீங்கியது. பாதுகாப்புக்கென எழுப்பிய மதிலே சிறையாக மாறிய கதை இது.

மீட்சி

வீழ்ந்த மரத்தின் வேர் பட்டுப்போகவில்லை. நெட்ஸ்கேப் 1998 மார்ச்சில் தன் மூலநிரலை உலகுக்குத் திறந்துவிட்டிருந்தது. அதிலிருந்து எழுந்த மொசில்லா இயக்கம், 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் உலாவியை வெளியிட்டது. ஒரே சாளரத்தில் பல பக்கங்களைத் திறத்தல், தாமாகக் குதித்தெழும் விளம்பரங்களைத் தடுத்தல் ஆகியன மக்களைக் கவர்ந்தன. எவரும் கணினியோடு சேர்த்துத் தராத ஒன்றை இலட்சக்கணக்கானோர் தேடி நிறுவினர். உறங்கிய எக்ஸ்புளோரர் விழித்தது. அதன் ஏழாம் பதிப்பிலும் பல பக்கங்களை ஒரே சாளரத்தில் திறக்கும் வசதி இடம்பெற்றது. தேர்ந்தோர் சிலர்; பயன்பெற்றோரோ அனைவரும். இவ்வரலாற்றின் உயிர்நாடியான உண்மை இதுவே.

ஐரோப்பாவில் தேர்வுரிமை சட்டத்தின் துணையையும் பெற்றது. நார்வே நாட்டின் ஆப்பரா நிறுவனம் 2007இல் அளித்த முறையீட்டின் விளைவாக, 2010 மார்ச் முதல் விண்டோஸ் பயனீட்டாளர் முன் உலாவிகளின் பட்டியல் ஒன்று வைக்கப்பட்டது. 2011 மே முதல் 2012 ஜூலை வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேருக்கு அப்பட்டியல் காட்டப்படவில்லை எனக் கண்ட ஐரோப்பிய ஆணையம், 2013இல் மைக்ரோசாப்டுக்கு 56 கோடியே 10 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. ஒரு தேர்வுத் திரைக்கு இத்துணை மதிப்பு!

இன்றைய நிலை

2008 செப்டம்பரில் கூகுள் வெளியிட்ட குரோம், தன் விரைவால் முதலிடம் பிடித்தது. ஒரு பக்கம் பழுதுபட்டாலும் ஏனைய பக்கங்கள் நிலைகுலையாவண்ணம் அது அமைக்கப்பட்டிருந்தது. எக்ஸ்புளோரரின் விண்டோஸ் 10 பதிப்பு 2022 ஜூனில் ஓய்வு பெற்றது. ஆப்பரா 2013இலும், மைக்ரோசாப்டின் எட்ஜ் 2020இலும் குரோமின் அடிப்படை நிரலையே தழுவிக்கொண்டன. ஆகவே, பெயர்கள் பலவாயினும், பக்கத்தை வரைந்து காட்டும் பொறிகளுள் முதன்மையானவை மூன்றே: குரோம், எட்ஜ், ஆப்பரா முதலியவற்றின் பிளிங்க், ஆப்பிளின் சஃபாரி கொண்டுள்ள வெப்கிட், ஃபயர்பாக்ஸின் கெக்கோ. மொசில்லாவின் வருவாயில் பெரும்பகுதியும் கூகுளுடன் செய்த தேடல் ஒப்பந்தத்திலிருந்தே வந்துள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது.

வரலாறு திரும்புகின்றது போலும்! 2024 நவம்பரில் அமெரிக்க நீதித்துறை, குரோமை விற்குமாறு கூகுளுக்கு ஆணையிடவேண்டும் என நீதிமன்றத்தைக் கேட்டது. 2025 செப்டம்பரில் நீதிமன்றம் அதற்கு இசையவில்லை.

தேர்வின் கடமை

இந்நிலையில், அன்றாடப் பயன்பாட்டுக்கு எதனைத் தேர்வது? எல்லார்க்கும் பொருந்தும் விடை ஒன்றில்லை. பல்வேறு தளங்களோடு இசைந்து செல்வதை விரும்புவோர்க்குக் குரோம் உதவும். ஆப்பிள் கருவிகளில் மின்கலத்தைச் சிக்கனமாகச் செலவிட விரும்புவோர் சஃபாரியை நாடலாம். தம்மைப் பின்தொடரும் விளம்பர நிறுவனங்களைத் தடுக்க எண்ணுவோர், 2019 முதல் அத்தகைய தடுப்பை இயல்பாகவே கொண்டுள்ள ஃபயர்பாக்ஸை நாடலாம். ஒன்றை முதன்மையாகவும், வேறு பொறியில் இயங்கும் மற்றொன்றைத் துணையாகவும் வைத்திருத்தல் அறிவுடைமை.

பள்ளிகளின் பொறுப்பு இதனினும் பெரிது. பாடப் பக்கத்தை உருவாக்கும் ஆசிரியர், அதனைக் குறைந்தது இரண்டு பொறிகளிலேனும் திறந்து பார்த்தல் வேண்டும். ஓர் உலாவியில் மட்டும் தெரிந்த தமிழ், ஏனையோர்க்கு இல்லாத தமிழாகவே இருந்தது என்பதை 1990களின் பட்டறிவு காட்டிற்று. மாணவரும் தம் கருவியில் உள்ள உலாவி எது, அது யாருடையது, ஏன் அங்கு வந்தது என்று வினவப் பழகுதல் வேண்டும். அவ்வினாவுக்குப் பின்னர் அவர்கள் பழைய உலாவியையே வைத்துக்கொள்ளினும் குறையில்லை. கொடுக்கப்பட்டது என்பதற்காக ஏற்பது வேறு. ஆராய்ந்து ஏற்பது வேறு. பின்னதே தேர்வு எனப்படும்.