மைனரின் காலடியில் ஒரு வால்வு

பழைய மொரிஸ் மைனர் பிக்கப் ஒன்றுக்கு முன் சில்லுகளில் டிஸ்க் பிரேக் போட்டு முடித்தார் நண்பர் ஒருவர். முதல் ஓட்டம் நாலு கிலோமீற்றர்கூட இல்லை. முன் சில்லுகள் கை வைக்கேலாத சூடு, கருகின மணம், தள்ளினால் வண்டி கனக்குது. போட்ட சாமான் எல்லாம் புதுசு. பிறகென்ன பிழை எண்டு தேடப்போன நாங்கள் 1948இல் போய் நின்றோம்.

அந்த ஆண்டுதான் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மைனர் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. பிக்கப் 1953இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் இதைப் பற்றிப் பெரிதாகச் சொல்லத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிப் பிழைத்த கார்களில் மைனரும் ஒன்று. (அந்தப் பழக்கத்தில் பிரேக் றபர்களையும் மண்ணெண்ணெயில் கழுவுற ஆக்கள் இருக்கினம். றபர் ஊதிப்போகும், செய்யாதையுங்கோ.)

மைனருக்கு நாலு சில்லிலும் டிரம் பிரேக். டிஸ்க் அப்போது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. பிரெடரிக் லான்செஸ்டர் 1902இலேயே அதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். ஆனால் 1953இல் லு மான்ஸ் பந்தயத்தை டிஸ்க் பூட்டிய ஜாகுவார் வென்ற பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. மைனருக்கு அது கடைசிவரை வரவில்லை. 1971இல் அதன் இடத்துக்கு வந்த மரினாவின் முன்பக்கம் மைனரின் அமைப்பிலிருந்தே எடுக்கப்பட்டதால், அதன் டிஸ்க்கைக் கழற்றி மைனருக்குப் பூட்டும் வழக்கம் உண்டானது. பிள்ளையின்ர சப்பாத்தைத் தகப்பன் போடுற கதைதான்.

சரி, பிழைக்கு வருவம். முன்பக்கத்தை ஜக்கில் தூக்கிச் சில்லைச் சுத்தினோம், இறுக்கம். காலிப்பரின் நிப்பிளைத் தளர்த்த ஒயில் பீறிட்டு வந்தது, சில்லு இலகுவாகச் சுத்தியது. அப்ப பாட் சிக்கேல்லை, உள்ளே அழுத்தம் நிக்குது. நிப்பிளைப் பூட்டி, பெடலைத் திரும்ப மிதித்துவிட்டு, இந்தமுறை மாஸ்டர் சிலிண்டரில் குழாயைத் தளர்த்தினோம். அப்போதும் சில்லு விட்டுக்கொடுத்தது. ஹோஸ் அடைபட்டிருந்தால் விட்டிருக்காது. ஆகவே குற்றவாளி மாஸ்டர் சிலிண்டர். பெடல் கம்பிக்குக் கொஞ்சம் விளையாட்டு இருந்தது, அதுவும் சரி. மிஞ்சினது உள்ளே இருக்கும் சின்ன வால்வு.

டிரம்மில் ஸ்பிறிங் லைனிங்கைப் பின்னுக்கு இழுக்கும். காலை எடுத்ததும் வீல் சிலிண்டரின் றபர் தளர்ந்து காற்று உறிஞ்சாமல் இருக்க, குழாயில் கொஞ்ச அழுத்தத்தை மறித்து வைப்பதே அந்த வால்வின் வேலை. டிஸ்க்கில் இழுக்க ஸ்பிறிங் இல்லை. பிஸ்டன் சீலின் சின்ன முறுக்கம் மட்டும்தான். மிஞ்சின அழுத்தம் அதை வென்று பாட்டை அரக்கிக்கொண்டே இருக்கும்.

அப்ப கழற்றி எறிஞ்சால் சரிதானே? இல்லை. மைனரில் ஒரே சிலிண்டர்தான் முன்னுக்கும் பின்னுக்கும் ஒயில் அனுப்புது. பின்னாலை இன்னும் டிரம். அதனால் உள் வால்வை எடுத்துவிட்டு, பின் குழாயில் 10 பிஎஸ்ஐ வால்வு ஒன்றைத் தனியாகப் போட்டோம். சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், சேசிசுக்குள் பதிவாக இருப்பதால் ஒயில் திரும்பி வடியாமல் முன் குழாயில் 2 பிஎஸ்ஐ வால்வு.

இப்ப சில்லு சூடாகிறதில்லை. பெடல் மட்டும் முந்தியைவிட வலுவாக மிதிக்கவேணும். சுற்றும் டிரம் லைனிங்கைத் தானே இழுத்துக்கொள்ளும், டிஸ்க் அந்த உதவியைச் செய்யாது. நண்பர் இனி வக்கும் பூஸ்டர் தேடுறார். எங்களுக்கு அதைவிட வேறொரு பயம். ஒரே சிலிண்டர், ஒரே சுற்று: எங்கையாவது ஒரு குழாய் வெடிச்சால் நாலு சில்லுக்கும் பிரேக் இல்லை. அமெரிக்காவில் புதிய கார்களுக்கு இரட்டைச் சுற்று 1968இல் கட்டாயமானது. இந்தப் பிக்கப்பில் அப்படியொரு நாளுக்கு இருப்பது பின் சில்லுகளை இழுக்கும் கைபிரேக் கேபிள் மட்டும். பூஸ்டரைப் பிறகு பாப்பம், முதல்ல இரட்டைச் சிலிண்டரைப் போடும் எண்டு சொல்லியிருக்கிறம். இன்னும் போடேல்லை.