மூப்பும் உரிமையும்: 1816ஆம் ஆண்டு மெக்கன்சி உருவப்படம்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தென்னிந்திய ஓவியங்களை வகைப்படம், உருவப்படம் என இரண்டாகப் பகுக்கலாம். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் கும்பினியாருக்கு வரைந்த வகைப்படங்கள் சாதியையும் தொழிலையும் காட்டின. அவற்றுக்கு ஆள்பெயர் தேவைப்படவில்லை. உருவப்படமோ ஒருவர் வாழ்ந்த ஆண்டுகளை அவர் முகத்திலேயே பதிவு செய்வது. ஆதலின் முதுமையைக் காட்டுதற்கு ஏற்றது அதுவே எனலாம்.

இதற்குத் தக்க சான்று மைசூரோடு தொடர்புடையது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின்னர், அயர்லாந்து ஓவியர் தாமஸ் ஹிக்கி (1741-1824) அப்போரில் பங்கேற்ற அதிகாரிகளைச் சுண்ணக்கோலால் வரைந்தார். திவான் பூர்ணய்யாவையும் தீட்டினார். 1816இல் சென்னையில் காலின் மெக்கன்சியைத் தீட்டியபோது ஓவியருக்கு வயது 75. முந்திய ஆண்டில் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக அமர்த்தப்பெற்ற மெக்கன்சிக்கோ அறுபதுக்கு மேல். மைசூர் நாட்டை அளந்தும் சுவடி, கல்வெட்டுகளைத் தொகுத்தும் கழிந்த ஆண்டுகளின் தளர்ச்சி அம்முகத்தில் புலப்படுகின்றது.

எனினும் அவர் தனித்து நிற்கவில்லை. உடன் மூன்று இந்தியர் உளர்: தொலைநோக்கியை ஏந்திய ஏவலர் ஒருவர், ஓலைச்சுவடியுடன் சமண பண்டிதர் ஒருவர், மற்றொருவர். பின்னிருவரையும் முறையே பழங்கன்னடக் கல்வெட்டுகளைப் படிக்கத் துணைநின்ற தருமய்யா என்றும், காவலி வேங்கட லட்சுமய்யா என்றும் அறிஞர் கருதுவர்.

இங்கு ஒரு சொல்லாராய்ச்சி பயன் தரும். தொல்காப்பியத்தில் 'கிழவன்' என்பது அகத்திணைத் தலைவனைக் குறிக்கும். 'கிழமை' என்பது உரிமை. பிற்காலத்தே அச்சொல் மூப்பை மட்டும் சுட்டி, மதிப்பும் குன்றியது. வயது நின்றது, உரிமை நீங்கியது. லட்சுமய்யாவின் வாழ்விலும் இதுவே நிகழ்ந்தது. 1821இல் மெக்கன்சி மறைந்தார். 1830களில், அப்பணியிலேயே மூத்த லட்சுமய்யா அதனைத் தாமே தொடர விண்ணப்பித்தார், அது ஏற்கப்படவில்லை. சுவடிகளை ஆராயும் பொறுப்பு வில்லியம் டெய்லர் பாதிரியாரிடம் சென்றது.

எனவே இத்தகைய படக்குறிப்புகளை மொழிபெயர்ப்போர் சொல்லைத் தேர்ந்து ஆளுதல் வேண்டும். 'உதவியாளர் மூவர்' என்று எழுதினால் உருவப்படம் மீண்டும் வகைப்படமாகிவிடும். 'பண்டிதர்' என்று எழுதிப் பெயரையும் சேர்த்து, அஃது அறிஞர் கருத்து என்பதையும் குறித்தால், படத்திலுள்ளோர்க்கு வயதோடு கிழமையும் கிட்டும்.